மெயில் ஐடி உங்க பேர்ல இருக்கு சரி, தாக்கோல் (சாவி) யாருக்க கையில இருக்கு?

கன்னியாகுமரி மாவட்டத்துல தக்கலை பக்கம் ப்ரவுசிங் சென்டர் வச்சு பதினஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு. இப்பம் ஜெராக்ஸும் ஆன்லைன் அப்ளிகேஷனும்தான் ஓடுது, ஆனா அந்த காலத்துல பாஸ்போர்ட்டுக்கு போடணும், கல்ஃபுக்கு பயோடேட்டா அனுப்பணும், டிஎன்பிஎஸ்சி எழுதணும்னு வாற முக்காவாசி பேருக்கு மெயில் ஐடியே கிடையாது, "மக்களே நீயே ஒண்ணு உண்டாக்கி போடு"ன்னு சொல்லிட்டு பக்கத்து கடைக்கு சாயா குடிக்க போயிடுவாவ. நானும் உண்டாக்கி போட்டேன். பேரு, அதுக்கு பின்னாடி பொறந்த வருசம், பாஸ்வேர்டு பேரு அட் 123, ரெகவரி நம்பர் (பாஸ்வேர்டு மறந்தா கோடு வாற போன் நம்பர்) எனக்க கடை நம்பர். எல்லாத்தையும் நீல அட்டை போட்ட ஒரு நோட்டுல எழுதி வச்சேன், ஏன்னா மூணு மாசம் கழிச்சு ஹால் டிக்கெட் எடுக்க வந்து "பாஸ்வேர்டு ஓர்மை இல்ல"ன்னு நிப்பாவ.

பொறவு ஆண்ட்ராய்டு போன் வந்துது. போன் வாங்குனவன் புது ஐடி போட மெனக்கெடல, அந்த பழைய ஐடியவே போட்டான். இப்பம் பாருங்க, அதே மெயில்லதான் அவனுக்க போட்டோ, கான்டாக்ட், ஃபேஸ்புக்கு, பேங்க் ஸ்டேட்மெண்ட், கல்ஃப்ல அவனுக்க விசா பேப்பர் எல்லாம் கெடக்கு, அதுக்க தாக்கோல் எனக்க மேஜை டிராயர்ல ஒரு நோட்டுல.

எந்த சைட்டுல போயி "பாஸ்வேர்டு மறந்துட்டு"ன்னு அமுக்குனாலும் புது பாஸ்வேர்டு போடுறதுக்கான லிங்க் பெரும்பாலும் மெயிலுக்குத்தான் வரும், அதனால மெயில் ஒருத்தன் கையில போச்சுன்னா மத்ததெல்லாம் ஒண்ணொண்ணா அவன் பின்னால போகும். வீட்டு பூட்ட மாத்திரம் பாத்து பிரயோஜனம் இல்ல, தாக்கோல் கொத்து எங்க தொங்குதுன்னு பாக்கணும்.

எனக்கு புத்தி வந்த கதைய மொதல்ல சொல்லிடுறேன், கொஞ்சம் வெக்கக்கேடுதான். கடை கம்ப்யூட்டர்ல போட்டோ எடிட் பண்ற ஒரு சாஃப்ட்வேர், காசு கொடுத்து வாங்க மனசு வராம எங்கேருந்தோ கிராக் பண்ணுன காப்பிய எறக்கி போட்டேன். இன்ஸ்டால் பண்ணும்போது "ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணு"ன்னு கேட்டுது, நானும் ஆஃப் பண்ணுனேன். அதுக்குள்ள இருந்த எளவு, ப்ரவுசர்ல சேவ் ஆயிருந்த பாஸ்வேர்டையும் குக்கியையும் ஒட்டுமொத்தமா வாரிட்டு போயிட்டு. குக்கின்னா என்னன்னா, நீங்க ஒரு தடவ லாகின் பண்ணுன பொறவு மறுபடி மறுபடி பாஸ்வேர்டு கேக்காம இருக்க சைட்டுக்காரன் குடுக்குற சீட்டு மாதிரி, கல்யாண மண்டபத்துல பந்திக்கு டோக்கன் குடுப்பாங்கல்ல, அந்த டோக்கன் யாரு கையில இருந்தாலும் எல போட்டுடுவாங்க. ஓடிபி கேக்காது, பாஸ்வேர்டு கேக்காது. கத்தார்ல டிரைவரா இருக்க ஒரு பையன் லீவுல வந்தப்ப நம்ம கடையில மெயில் தொறந்துட்டு லாக் அவுட் பண்ணாம போயிருந்தான், அவனுக்க மெயில் போச்சு. பாஸ்வேர்ட மாத்தியும் விஷயம் தீரல, அது ஏன்னு கீழ சொல்றேன்.

சரி, வேலைக்கு வருவோம். போன கையில எடுங்க.

ஜிமெயில் ஆப்ப தொறந்து மேல வலது பக்கம் உங்க போட்டோ இருக்க வட்டத்த தொட்டு, கூகுள் அக்கவுண்ட்ட மேனேஜ் பண்றதுக்கான பட்டன அமுக்கி, செக்யூரிட்டின்னு இருக்கதுக்குள்ள போங்க. மொதல்ல பாக்க வேண்டியது ரெகவரி போனும் ரெகவரி மெயிலும். அங்க இருக்க நம்பர் உங்க நம்பரா? சும்மா தலையாட்டாதீங்க, கடைசி ரெண்டு எண்ண படிச்சு பாருங்க. நம்ம ஊர்ல பாதி பேருக்கு அது ப்ரவுசிங் சென்டர் நம்பரா இருக்கும், இல்லன்னா ஏஜெண்ட் நம்பர், இல்லன்னா போன் செட் பண்ணி தந்த அக்கா மவனுக்க நம்பர். அக்கா மவன் நல்லவனாத்தான் இருப்பான், ஆனா அவன் அந்த சிம்ம தூக்கி போட்டு நாலு வருசம் ஆயிருக்கும்.

இந்த சிம் விஷயம் நம்ம மாவட்டத்துக்கு தனியா சொல்லணும். துபாய்க்கோ சவுதிக்கோ போறவிய இந்த ஊரு சிம்ம டிராயர்ல போட்டுட்டு போறாவ, ரீசார்ஜ் இல்லாம கெடந்தா கம்பெனிக்காரன் கட் பண்ணிடுவான், பொறவு குறைஞ்சது 90 நாளு போனா அந்த நம்பர வேற ஆளுக்கு குடுக்கலாம். அந்த வேற ஆளு யாரோ ஒருத்தன், உங்க ஓடிபி இனி அவனுக்கு போகும். அதனால ஒண்ணு, நாட்டு சிம்ம சின்ன ரீசார்ஜ்ல உயிரோட வைங்க, இல்லன்னா போறதுக்கு முன்னாடி ரெகவரி நம்பர அங்கத்த நம்பருக்கு மாத்துங்க, திரும்பி வரும்போது மறுபடி மாத்துங்க. ஆழ்கடலுக்கு போயி வாரக்கணக்குல டவர் இல்லாம இருக்கவியளுக்கும் இதே பாடுதான், ஓடிபி வரும்போது ஆளு கடல்ல.

அதுக்கு மருந்து பேக்கப் கோடு, ஓடிபி வராதப்ப அதுக்கு பதிலா அடிக்கிற எண்ணு. அதே செக்யூரிட்டிக்குள்ள டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்னு ஒண்ணு உண்டு, பாஸ்வேர்டுக்கு மேல ஓடிபி மாதிரி இன்னொண்ணும் கேக்குறது, அத ஆன் பண்ணுங்க (பண்ணலன்னா மீதி எத பண்ணியும் பெருசா பலன் இல்ல), ஆன் பண்ணுன பொறவு பேக்கப் கோடுன்னு கேட்டா 8 எண்ணு உள்ள கோடு 10 தரும். ஒரு கோடு ஒரு தடவைக்குத்தான் ஓடும். அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போன்ல வைக்காதீங்க, போன் தொலைஞ்சா கோடும் தொலையும். பேப்பர்ல எழுதி வீட்டு பத்திரம், ஆதார் வைக்கிற கவர்ல வைங்க, கத்தார்ல நின்னாலும் வீட்டுக்கு போன் போட்டு அம்மைகிட்ட ஒரு வரிய வாசிக்க சொல்லலாம். எஸ்எம்எஸ் ஓடிபிய விட ஆதென்டிகேட்டர் ஆப்பு நல்லது, அதுக்கு சிம்மும் வேண்டாம் நெட்டும் வேண்டாம், போனுக்குள்ளயே 30 செகண்டுக்கு ஒரு தடவ எண்ணு மாறும். பாஸ்கீன்னு இப்பம் வருதே, விரல் வச்சு தொறக்குறது, அது இன்னும் மேல, ஏன்னா போலி சைட்டுல அது வேலையே செய்யாது.

பாஸ்வேர்டு. நீளமா போடுங்க, அவ்வளவுதான். ஏ-வுக்கு பதிலா அட், எஸ்-க்கு பதிலா டாலர்னு போடுற வித்தையெல்லாம் திருடனுக்கு பாலர் பாடம். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாத நாலஞ்சு வார்த்தைய இங்கிலீஷ் எழுத்துல சேத்து அடிங்க. மரச்சீனியும் மீன்கறியும் வேண்டாம், அது நம்ம ஊர்ல எவனும் கண்டுபிடிப்பான், மரச்சீனி பெஞ்சு தூத்தல் தாத்தான்னு போட்டா எவனுக்கும் வெளங்காது (இதையே போட்டுடாதீங்க, இப்பம் எல்லாரும் படிச்சாச்சு). மெயிலுக்கு போட்டத வேற எங்கயும் போடக்கூடாது. ஓர்மை வைக்க முடியாதுன்னா போன்ல உள்ள பாஸ்வேர்டு மேனேஜர்ல போடுங்க, அதுல இன்னொரு சௌகரியமும் உண்டு. நெஜ சைட்டுன்னா பாஸ்வேர்ட அதுவே எடுத்து தரும், போலி சைட்டுல அட்ரஸ் வேறன்னால பேசாம இருக்கும். எப்பவும் தன்னால வாற பாஸ்வேர்டு இன்னைக்கு வரலன்னா அங்கயே நிறுத்துங்க.

இனி மெயில பாக்குறது எப்படின்னு. போன மாசம் ஒரு நாள் சாயங்காலம் கொளச்சல்லேருந்து மாமா வந்தாவ, பஸ்சுல வந்த வேர்வை கூட அடங்கல, கையில போனு.

"மக்கா, இத பாரு, நாளைக்கு எனக்க மெயிலு போயிருமாம். உனக்க அத்தான் பெஹ்ரைன்லேருந்து அனுப்புன போட்டோ எல்லாம் அதுலதான் கெடக்கு."

"மாமா, லிங்க தொட்டியளா?"

"தொடலடே. தொடுறதுக்குள்ள பஸ்சு வந்துட்டு."

அந்த பஸ் டிரைவருக்கு ஒரு கும்பிடு. மெயில்ல என்ன எழுதியிருந்துதுன்னா, ஸ்டோரேஜ் நெறஞ்சுட்டு, 24 மணி நேரத்துக்குள்ள சரி பண்ணலன்னா எல்லாம் அழிஞ்சு போகும். கூகுள்ல காசு கட்டாதவியளுக்கு 15 ஜிபிதான், அது நெசமாவே நெறையும், நெசமாவே மெயில் வரும், அதனாலதான் இந்த பொய்யி இவ்வளவு நல்லா ஓடுது. மாமாவ பக்கத்துல இருத்தி ஒவ்வொண்ணா காட்டுனேன்.

மொதல்ல அனுப்புனவன் பேரு. அங்க கூகுள்னு இருந்துது. பேரு என்ன வேணும்னாலும் வைக்கலாம், நான் எனக்க மெயிலுக்கு கலெக்டர்னு பேரு வைக்க முடியும். பேருக்கு கீழ சின்னதா "டூ மீ"ன்னு இருக்கும், அத தொட்டா முழு அட்ரஸ் வரும். மாமாவுக்கு வந்தது யாரோ ஒரு வெளிநாட்டு பள்ளிக்கூடத்துக்க மெயில்லேருந்து, அத எவனோ ஹேக் பண்ணி அதுலேருந்து அனுப்பியிருக்கான். சிலது இன்னும் நைசா இருக்கும், ஆர் எழுத்தையும் என் எழுத்தையும் ஒட்டி போட்டா எம் மாதிரி தெரியும், கண்ணாடி போடாம பாத்தா சத்தியமா தெரியாது.

அடுத்து லிங்கு. தொடாதீங்க, விரல அமுக்கி பிடிங்க, போற எடம் மேல எழுதி வரும். மாமாவுக்கு வந்ததுல கூகுள் டாட் காம் டாட் ஸ்டோரேஜ் அப்டேட் டாட் டாப்புன்னு இருந்துது. "கூகுள் டாட் காம்னு இருக்கே மக்கா"ன்னு கேட்டாவ. வெப்சைட் அட்ரஸ வீட்டு அட்ரஸ் மாதிரி படிக்கணும். வீட்டுக்கு என்ன பேரும் வைக்கலாம், தாஜ்மஹால்னு வச்சவன் நம்ம ஊர்லயே இருக்கான், போஸ்ட் ஆபீசும் பின்கோடும் கடைசியிலதான் வரும், அதுதான் வீடு எங்க இருக்குன்னு சொல்லும். அதே மாதிரி ஆரம்பத்துல வாற ரெண்டு சாய்வு கோட்ட விட்டுட்டு, அதுக்கு பொறவு வாற மொத ஒத்த கோட்டுல நின்னு பின்னோக்கி படிங்க. டாப்பு, அதுக்கு முன்னாடி ஸ்டோரேஜ் அப்டேட். அதுதான் ஊரு. கூகுள் டாட் காம் வெறும் வீட்டு பேரு. பூட்டு படம் இருக்குன்னு நம்பாதீங்க, அந்த பூட்டு வழியில எவனும் ஒட்டு கேக்க மாட்டான்னு மட்டும்தான் சொல்லுது, மறுபக்கம் இருக்கது திருடனா இல்லையான்னு அதுக்கு தெரியாது.

பேங்க் மெயிலுக்கு இப்பம் ஒரு நல்ல அடையாளம் உண்டு. இந்தியாவுல உள்ள பேங்க் வெப்சைட்டெல்லாம் டாட் பேங்க் டாட் இன்னு முடியுற அட்ரஸுக்கு மாறணும்னு ரிசர்வ் பேங்க் 2025 அக்டோபர் 31 வரைக்கும் கெடு வச்சுது, அந்த முடிவு அட்ரஸ பேங்க்குக்கு மட்டும்தான் குடுப்பாங்க. அரசாங்க சைட்டுன்னா டாட் ஜிஓவி டாட் இன் இல்ல டாட் என்ஐசி டாட் இன். பாஸ்போர்ட்டுக்கு போலி சைட்டு வச்சு காசு பிடுங்குறவன் உண்டு, நெசமானது பாஸ்போர்ட் இந்தியா டாட் ஜிஓவி டாட் இன். வருமான வரி ரீஃபண்டு இருக்கு, கார்டு நம்பர் போடுங்கன்னு வந்தா பொய்யி, ரீஃபண்டு நீங்க ரிட்டன்ல குடுத்த அக்கவுண்ட்டுக்கு தன்னால வரும்.

நம்ம ஊர் ஆளுகள அதிகமா விழ வைக்கிறது வேலை மெயிலுதான். கல்ஃபு, கனடா, கப்பல். ஆஃபர் லெட்டர பாத்தா சீல் என்ன கையெழுத்து என்ன, ராஜா மாதிரி இருக்கும். ஆனா வந்த மெயில் சாதா ஜிமெயில். இவ்வளவு பெரிய எண்ணெய் கம்பெனிக்கு சொந்தமா ஒரு மெயில் இல்லாமயா ஜிமெயில்ல ஆளெடுக்கான்? இன்டர்வியூ கிடையாது, நேரா செலக்சன், பொறவு விசா ஃபீஸு, மெடிக்கல் ஃபீஸுன்னு ஒரு தனி ஆளுக்க பேருல உள்ள அக்கவுண்ட் நம்பர். இதுல எது ஒண்ணு இருந்தாலும் நிறுத்துங்க. ஏஜெண்ட் பேரு, லைசன்ஸ் நம்பர வாங்கி இ-மைக்ரேட் டாட் ஜிஓவி டாட் இன்ல (emigrate.gov.in) போயி பாருங்க, பதிவான ஏஜெண்டுகளுக்க பட்டியல் அங்க இருக்கு. பட்டியல்ல பேரு இருந்தாலும் அந்த ஆபீசுக்கு நேர்ல போயி, இல்ல அங்க போட்டிருக்க நம்பருக்கு கூப்பிட்டு கேளுங்க, ஏன்னா நெஜ ஏஜெண்டுக்க பேர திருடி மெயில் அனுப்புறவனும் இருக்கான். பாஸ்போர்ட் ஸ்கேன மெயில்ல எவன் கேட்டாலும் அனுப்பாதீங்க, எனக்க கடையில வந்து "சீக்கிரம் அனுப்பு மக்களே, இன்னைக்கு கடைசி நாளு"ன்னு வெப்ராளப்பட்டவிய எத்தன பேரு. கடைசி நாளுன்னு எழுதியிருந்தா அன்னைக்கு அனுப்ப வேண்டாம், இதுதான் எனக்க கடை சட்டம்.

யாவாரம் பண்றவியளுக்கு ஒண்ணு. வழக்கமா சரக்கு அனுப்புற பார்ட்டி மெயில்லேருந்தே, பழைய மெயிலுக்கு ரிப்ளையாவே, "எங்க பேங்க் அக்கவுண்ட் மாறியாச்சு, இனி இதுல போடுங்க"ன்னு வரும். அட்ரஸும் சரியா இருக்கும், ஏன்னா அந்த ஆளுக்க மெயிலுக்குள்ளயே திருடன் இருக்கான். இத கண்ண வச்சு கண்டுபிடிக்க முடியாது, பழைய நம்பர்ல போன் போட்டு குரல கேட்டாத்தான் தீரும்.

அப்புறம் ஒரு அசிங்கமான மெயில் உண்டு, வெக்கத்துல யாரும் வெளிய சொல்ல மாட்டாவ. "உன் கேமராவுல உன்ன படம் பிடிச்சு வச்சிருக்கேன், பிட்காயின் அனுப்பு, இல்லன்னா எல்லாருக்கும் அனுப்புவேன்"னு வரும், நம்புறதுக்கு உங்க பழைய பாஸ்வேர்டு ஒண்ண எழுதியிருப்பான். அத பாத்ததும் வயிறு கலங்கும். ஆனா அந்த பாஸ்வேர்டு என்னைக்கோ ஏதோ ஒரு சைட்டுலேருந்து கசிஞ்ச பட்டியல்ல உள்ளது, ஒரே மெயில லட்சம் பேருக்கு அனுப்புறான். பதில் போடாதீங்க, காசு அனுப்பாதீங்க, அந்த பாஸ்வேர்டு இன்னும் எங்கயாவது ஓடுதான்னு பாத்து மாத்துங்க. ஹாவ் ஐ பீன் போன்டுன்னு (haveibeenpwned.com) ஒரு சைட் 2013லேருந்து இருக்கு, ஆஸ்திரேலியாக்காரர் ட்ராய் ஹண்ட் நடத்துறது, அதுல மெயில் ஐடிய போட்டா எந்தெந்த கசிவுல உங்க ஐடி சிக்கியிருக்குன்னு காட்டும். மெயில் ஐடி மட்டும்தான் கேக்கும். பாஸ்வேர்டும் சேத்து குடுன்னு எந்த சைட்டாவது கேட்டா வெளிய வந்துடுங்க.

இனி ஏற்கனவே மெயில் போயாச்சுன்னா. உள்ள நொழைய முடியுதுன்னா, வேற ஒரு சுத்தமான போன்லேருந்து பாஸ்வேர்ட மாத்துங்க, வைரஸ் இருக்க கம்ப்யூட்டர்ல உக்காந்து மாத்துனா புது பாஸ்வேர்டும் அவனுக்கே. பொறவு செக்யூரிட்டிக்குள்ள யுவர் டிவைசஸ்ன்னு இருக்கதுல உங்களுக்கு தெரியாத கருவி எல்லாத்தையும் சைன் அவுட் பண்ணுங்க, குக்கிய திருடினவன் இன்னும் உள்ள இருந்தா இதுல வெளிய போவான். ரெகவரி நம்பர் மாறியிருக்கான்னு பாருங்க, அவன் மொதல்ல கை வைக்கிறது அதுலதான். உங்க அக்கவுண்ட்டோட சேந்திருக்க தெரியாத ஆப்பு, ஆப் பாஸ்வேர்டு (வேற ஆப்பு உங்க மெயிலுக்குள்ள நொழைய தனியா உண்டாக்குற பாஸ்வேர்டு) இருந்தா அதையும் எடுங்க.

அதுக்கு பொறவு, எல்லாரும் விட்டுடுறது. கத்தார் பையனுக்கு இதுலதான் அடி. கம்ப்யூட்டர்ல ஜிமெயில தொறந்து செட்டிங்ஸ்ல ஃபார்வர்டிங்ன்னு ஒரு பக்கம், ஃபில்டர்ஸ்ன்னு ஒரு பக்கம், ரெண்டையும் பாருங்க. பையனுக்கு அங்க ஒரு ஃபில்டர் இருந்துது, பேங்க்னு வார்த்தை வாற மெயிலெல்லாம் வேற ஒரு அட்ரஸுக்கு போயிட்டு, இங்க குப்பைக்கு போற மாதிரி. பாஸ்வேர்டு மாத்தி மூணு வாரமா அவனுக்கு வாற பேங்க் மெயில் அவன் கண்ணுல படவே இல்ல, "பேங்க்காரன் மெயில் அனுப்புறத நிறுத்திட்டான்போல"ன்னு நெனச்சிருக்கான். பாஸ்வேர்ட மாத்துனா இந்த ஃபில்டர் போகாது, நீங்க கையால அழிக்கணும். அக்கவுண்ட்ஸ் பக்கத்துல வேற யாருக்காவது உங்க மெயில படிக்க அனுமதி குடுத்திருக்கான்னும் பாத்துடுங்க. ஜிமெயில் பக்கத்துக்க அடியில வலது மூலையில டீடெயில்ஸ்ன்னு பொடி எழுத்துல இருக்கும், எங்கேருந்து எப்பம் தொறந்திருக்குன்னு அங்க தெரியும்.

உள்ளயே நொழைய முடியலன்னா கூகுளுக்க அக்கவுண்ட் ரெகவரி பக்கத்துக்கு போகணும். எப்பவும் மெயில் பாக்குற அதே போன், அதே வீட்டு வைஃபை, இது ரொம்ப முக்கியம், எங்கிட்ட வராதீங்க, வீட்டுல இருந்தே போடுங்க. கடைசியா ஓர்மை உள்ள பாஸ்வேர்ட கேக்கும், கிட்டத்தட்ட இருந்தாலும் அடிங்க. திருடன் ரெகவரி நம்பர மாத்தி 7 நாளுக்குள்ளன்னா பழைய நம்பருக்கே கோடு அனுப்ப கூகுள் வழி குடுக்கலாம், அதனால நாளைக்கு பாப்போம்னு இருக்காதீங்க. "ஹேக் ஆன அக்கவுண்ட எடுத்து தாரேன்"னு இன்ஸ்டாகிராம்லயும் டெலிகிராம்லயும் வாறவன் அத்தன பேரும் ரெண்டாவது திருடன். தேடிப்பாத்தா கெடைக்குற கூகுள் கஸ்டமர் கேர் நம்பரும் அப்படித்தான், பாஸ்வேர்டு எடுத்து தாரோம்னு சொல்ற எந்த சர்வீஸோடயும் சேந்து வேல செய்யலன்னு கூகுளே எழுதி வச்சிருக்கு.

காசு போயிருந்தா யோசிக்கவே வேண்டாம், சைபர் மோசடிக்கு உள்ள ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடுங்க. அப்பவே, நின்ன எடத்துலேருந்து. காசு ஒரு அக்கவுண்ட்லேருந்து அடுத்ததுக்கு தாவுறதுக்குள்ள சொன்னா வழியில மறிக்க பாப்பாங்க. யுபிஐல போயிருந்தா அந்த 12 எண்ணு ரெஃபரன்ஸ் நம்பர், எவ்வளவு, எப்பம், இதெல்லாம் கையில வச்சுட்டு கூப்பிடுங்க, பொறவு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்ல எழுதி போடுங்க, நாகர்கோவில்ல சைபர் கிரைம் போலீஸ் ஸ்டேஷனும் இருக்கு. பேங்குக்கும் உடனே சொல்லி புகார் நம்பர் வாங்கி வைங்க. 2017ல ரிசர்வ் பேங்க் போட்ட சர்க்குலர்படி, தப்பு உங்க மேலயும் இல்ல பேங்க் மேலயும் இல்ல, வேற எங்கயோ ஓட்டைன்னா, 3 வேலை நாளுக்குள்ள சொன்னா உங்களுக்கு நட்டம் இல்ல. ஓடிபிய நீங்களே சொல்லிட்டியன்னா நீங்க பேங்குக்கு சொல்ற வரைக்கும் போனது உங்க தலையில, சொன்ன பொறவு போனது பேங்க் தலையில. அதனால "வீட்டுல தெரிஞ்சா ஏசுவாவ"ன்னு ராத்திரி முழுக்க மூடி வச்சிருக்க ஒவ்வொரு மணி நேரமும் உங்க கணக்குலதான் ஏறும்.

அந்த நீல நோட்டு இன்னும் எங்கிட்டதான் இருக்கு. எரிச்சுடலாம்னு ஒரு நாள் அடுப்புக்கு பக்கத்துல வர கொண்டு போனேன், வீட்டுக்காரிதான் "அவியளுக்கு சொல்லாம எரிச்சா அந்த நம்பர் யாரு மாத்துவா"ன்னு கேட்டா. அதுவும் சரிதான். இப்பம் தெனமும் சாயங்காலம் நாலு மணிக்கு பொறவு அஞ்சு பேருக்கு போன் போடுறேன், பாதி நம்பர் எடுக்காது, எடுக்குறவிய "யாருடே நீ, ஓடிபி கேக்கவா கூப்பிடுத"ன்னு வைக்கிறாவ, வச்சா எனக்கு சந்தோசம்தான். தக்கலை சுத்துவட்டாரத்துல பழைய காலத்துல ப்ரவுசிங் சென்டர்ல மெயில் உண்டாக்குனவிய போனையும் ஆதாரையும் எடுத்துட்டு வாங்க, முன்னால உக்காந்து உங்க விரலாலயே நம்பர மாத்திட்டு, நோட்டுல உங்க வரிய நீங்களே வெட்டிட்டு போங்க. காசு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு.